பெட்டியில் கிடக்கும் கார்டு: வாசகர் கேள்வி பதில்

வங்கிக் கார்டுகளைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஏடிஎம்மில் பணம் வரவில்லை, என்னவென்றே தெரியாத கட்டணம் பிடித்துவிட்டார்கள் என்ற ரகம், அதற்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் பின்னால் இருக்கிறது. ஒரு கடிதம் மட்டும் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. அதற்குத்தான் முதலில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

என் கணவர் கட்டட வேலைக்குப் போனவர். நான்கு மாதம் முன்பு பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்துவிட்டார். 2019-இல் தொடங்கிய ஜன்தன் கணக்கு இருந்தது, ரூபே கார்டும் உண்டு. அந்தக் கார்டுக்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது என்று ஊரில் ஒருவர் சொல்லித்தான் வங்கிக்குப் போனேன். "கார்டைத் தேய்க்கவே இல்லையே, கிடைக்காது" என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி விதி இருக்கிறதா?
வாசகி, விருத்தாசலம் அருகே

விதி இருக்கிறது சகோதரி, இல்லை என்று சொல்லி உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த விதி உங்களிடம் சொன்ன மாதிரி இல்லை, அதனால் இன்னும் கதவு மூடவில்லை.

ஜன்தன் திட்டம் 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கியது. கணக்கோடு ரூபே கார்டு, கார்டோடு விபத்துக் காப்பீடு. 2018 ஆகஸ்ட் 28-க்கு முன்பு தொடங்கிய கணக்குக்கு 1 லட்சம், அதற்குப் பின் தொடங்கியதற்கு 2 லட்சம். நீங்கள் 2019 என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு 2 லட்சம்தான். விபத்து நடந்த நாளுக்கு முந்தைய 90 நாளில், அந்த நாளையும் சேர்த்து, கார்டுதாரர் தானாகச் செய்த ஒரு பரிவர்த்தனையாவது வெற்றிகரமாக முடிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடையில் தேய்த்தால்தான் கணக்கு என்று அதில் இல்லை. வங்கிக் கிளை, வங்கி மித்ரா (வங்கிக்காக ஊருக்கே வந்து பணம் கொடுத்து வாங்கும் முகவர்), ஏடிஎம், கடை மெஷின், இணையம் என்று எந்த வழியாகவும் இருக்கலாம், பணம் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, இருப்பு எவ்வளவு என்று பார்த்திருந்தாலும் போதும்.

ஆகவே வாய்வார்த்தையை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள். விபத்து தேதிக்கு முந்தைய 90 நாளில் அந்தக் கணக்கிலும் கார்டிலும் நடந்த எல்லாவற்றுக்கும், பணம் சம்பந்தப்படாதவை உட்பட, அச்செடுத்துத் தாருங்கள் என்று மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும் வங்கி மித்ராவிடம் கைரேகை வைத்து அவர் பணம் எடுத்திருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேலே புகார் செய்ய முடியும்.

அப்புறம் அவருடைய பாஸ்புக்கை எடுத்து, ஒவ்வொரு வருடமும் மே கடைசி, ஜூன் வாக்கில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டமாக இருக்கும். அது தனிக் காப்பீடு, விபத்து மரணத்துக்கு 2 லட்சம், கார்டைப் பயன்படுத்தினாரா என்ற கேள்வியே அதில் கிடையாது. 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, அதுவும் 2 லட்சம். நலவாரியத்தில் அவர் பதிவு செய்திருந்தாரா என்பதையும் விசாரியுங்கள்.

இன்னொன்று, இதுதான் அவசரம். லாரி மோதியதற்கான இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே நான்கு மாதம் போய்விட்டது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இந்த வாரமே போங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். அந்தத் தொகை இந்தக் காப்பீட்டைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு விஷயம். ஜன்தன் கணக்கு தொடங்கிய நாட்களில் நான் ஒரு கிராமத்துக் கிளையில் வேலை பார்த்தேன். முகாம் போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான பேருக்குக் கையெழுத்து வாங்கிக் கார்டைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். காப்பீடு உண்டு என்று சொன்னோம், இத்தனை நாளுக்கு ஒரு முறையாவது பயன்படுத்தினால்தான் உண்டு என்பதை ஒருவரிடமாவது சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், சொன்னதாக நினைவில்லை. ஏடிஎம் இருந்தது எட்டு கிலோமீட்டர் தள்ளி. நூறு நாள் வேலைச் சம்பளத்தை மித்ராவிடம் விரல் வைத்து எடுத்துக்கொள்வார்கள், கார்டு உறை பிரிக்காமல் தகரப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கும். நாடு முழுக்க 50 கோடிக்கு மேல் ஜன்தன் கணக்குகள் இருக்கின்றன, இப்படிக் கிடக்கும் கார்டுகள் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. தயவுசெய்து இன்று உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். கார்டு இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சொந்த வங்கி ஏடிஎம்மில் போட்டு இருப்பைப் பார்த்து, வரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அருப்புக்கோட்டையில் சின்ன ஜவுளிக்கடை. வங்கியில் ஸ்வைப் மெஷின் கொடுத்து மாதாமாதம் வாடகை பிடிக்கிறார்கள். ரூபே கார்டுக்குக் கட்டணமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள், பிறகு ஏன் பிடித்தம்? பத்துப் பேரில் ஒன்பது பேர் போனை நீட்டி க்யூஆரில் போட்டுவிட்டுப் போகிறார்கள். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அண்ணாச்சி, உங்களிடம் இரண்டு வேறு பிடித்தங்கள் நடக்கின்றன, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று மெஷின் வாடகை, அது உங்களுக்கும் வங்கிக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம். இன்னொன்று ஒவ்வொரு விற்பனையிலும் சதவீதமாகக் கழிப்பது, எம்.டி.ஆர். என்பார்கள். இல்லை என்று நான் எழுதியது இந்த இரண்டாவதை, அதுவும் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் மட்டும். 2020 ஜனவரி 1 முதல் அவை இரண்டுக்கும் பூஜ்யம்.

மற்ற கார்டுகளில் எப்படி என்றால், ஒருவர் 1,000 ரூபாய்ச் சேலையைக் கிரெடிட் கார்டில் வாங்குகிறார், உங்கள் கட்டணம் 2 சதவீதம் என்று வையுங்கள், கணக்குக்கு 980 வரும். அந்த 20 ரூபாயில் பெரும்பங்கு அவருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும், மீதியை உங்களுக்கு மெஷின் கொடுத்த வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நடுவில் இருக்கும் நிறுவனமும் எடுத்துக்கொள்ளும். டெபிட் கார்டு என்றால் 2018 ஜனவரியிலிருந்து உச்சவரம்பு இருக்கிறது. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் என்றால் 0.40 சதவீதம், ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் கூடாது. அதைத் தாண்டிய கடைகளுக்கு 0.90 சதவீதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து ரூபே டெபிட், மற்ற டெபிட், கிரெடிட் என்று பிரித்துக் கேளுங்கள், சின்னக் கடையைப் பெரிய கடைக் கணக்கில் போட்டு வைத்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுப்பதா என்பதற்கு உங்கள் கல்லாதான் பதில் சொல்ல வேண்டும். தினசரி லுங்கி, துண்டு வியாபாரத்துக்கு மெஷின் வேண்டாம், க்யூஆர் போதும். கல்யாணச் சீசனில் குடும்பமாக வந்து முப்பதாயிரத்துக்குப் பட்டு எடுக்கிறவர் கிரெடிட் கார்டை நீட்டுகிறார் என்றால், வருடத்துக்கு அப்படி எத்தனை பேர், அதில் நிற்கிற லாபம் எவ்வளவு, பன்னிரண்டு மாத வாடகை எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள், 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யில் இணைத்துக்கொண்டு உங்கள் அதே க்யூஆரில் பணம் போட முடியும். சின்னக் கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை அதில் கட்டணம் இல்லை, அதற்கு மேல் உண்டு. க்யூஆரில் வந்த பணமெல்லாம் முழுசாக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்து, கொஞ்சம் குறைந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பூஜ்யக் கட்டணம் நல்லதா என்று கேட்டால், உங்கள் பக்கம் நின்று பார்க்கும்போது நல்லதுதான். ஆனால் வங்கிக்கு அதில் வரவு இல்லையென்றால் சின்ன ஊரில் மெஷின் வைக்க அது ஏன் அக்கறை காட்டும்? அதனால்தான் வங்கிகளுக்கு அரசு ஊக்கத்தொகை கொடுக்க வேண்டி வந்தது, சிற்றூர்களில் மெஷின் வைக்க 2021-இல் ரிசர்வ் வங்கி தனியாக ஒரு நிதியே தொடங்க வேண்டி வந்தது. கார்டு நம் நாட்டில் எல்லார் கைக்கும் வந்துவிட்டது, டெபிட் கார்டு மட்டும் 90 கோடிக்கு மேல், அதை வாங்கிக்கொள்ள கடைப் பக்கம் அந்த அளவு ஆள் இல்லாமல் போனதற்கு இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்ற சண்டை ஒரு முக்கியக் காரணம். அந்த இடைவெளியில்தான் யுபிஐ வந்து உட்கார்ந்தது. அதற்கு மெஷினே வேண்டாம், ஒரு அட்டை ஒட்டினால் போதும்.

ஒரு வேண்டுகோள். டெபிட் கார்டு நீட்டுபவரிடம் "2 பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும்" என்று வாங்காதீர்கள். கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கிரெடிட் கார்டு பாயின்ட்டுகளுக்கான செலவை ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழைகள் சுமக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உழைத்துச் சம்பாதித்து, ஒழுங்காகப் பில் கட்டுகிறவர்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.
வாசகர், கோவை

உங்களைக் குறை சொல்லவில்லை ஐயா, பில்லை முழுசாகக் கட்டுகிற நீங்கள்தான் கார்டைச் சரியாகப் பயன்படுத்துகிறீர்கள். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை. மேலே அண்ணாச்சிக்கு எழுதிய 20 ரூபாய்க் கணக்கைப் பாருங்கள். உங்கள் பாயின்ட்டும் விமான நிலைய ஓய்வறையும் பெரும்பாலும் அந்த 20 ரூபாயிலிருந்து வருகின்றன. அதைக் கடைக்காரர் எங்கிருந்து எடுப்பார்? விலையில் வைத்துத்தான். விலை எல்லாருக்கும் ஒன்றுதானே. அதே சூப்பர் மார்க்கெட்டில் நோட்டு கொடுத்துப் பருப்பு வாங்கும் வீட்டு வேலைக்கார அம்மாவுக்கு மட்டும் பாயின்ட் கிடையாது. புழக்கத்தில் இருக்கும் கிரெடிட் கார்டுகள் 2024 பிப்ரவரியில்தான் 10 கோடியைத் தாண்டின, ஒருவரே மூன்று நான்கு வைத்திருப்பதைக் கழித்தால் 140 கோடிப் பேரில் அது எவ்வளவு சின்னக் கூட்டம் என்று தெரியும்.

உங்கள் கடிதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ரொக்கத்துக்கும் செலவு உண்டு. எண்ணுவது, சில்லறை தேடுவது, கள்ளநோட்டு, இரவில் பையோடு வீட்டுக்குப் போகும் பயம். நகைக்கடை மாதிரி சில இடங்களில் கிரெடிட் கார்டு என்றால் தனியாக 2 சதவீதம் கேட்கிறார்கள், அங்கே உங்கள் செலவை நீங்களே சுமக்கிறீர்கள். எல்லாக் கடையிலும் ஒரே கதை இல்லை என்று அன்றே சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். கார்டில் 40,000 பாக்கி. மினிமம் டியூ மட்டும் தவறாமல் கட்டி வருகிறேன், ஆனால் பாக்கி குறையவே இல்லையே?

தம்பி, ஒரு உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள், 40,000-க்கு 1,400. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 252. மொத்தம் 1,652. நீ கட்டும் மினிமம், அதாவது அந்த மாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 2,000 என்றால் அசலில் கழிவது 348 ரூபாய்தான். இதற்கு நடுவில் அதே கார்டில் பிரியாணி ஆர்டர் செய்தால் குறைந்த அந்த 348-ம் இல்லாமல் போகும், பாக்கி இருக்கும் கார்டில் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் போகும் இந்த வட்டிக்கு 30 சதவீத வரம்பு வைத்து தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது, அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால் வெளியிலிருந்து யாரும் வந்து குறைப்பார்கள் என்று காத்திருக்காதே.

இன்றே கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்து. வீட்டில் சொல்லத் தயக்கம் இருக்கும், பரவாயில்லை, சொல்லிவிடு. நகைக்கடனோ வங்கித் தனிநபர் கடனோ எடுத்தால் வட்டி இதில் பாதிகூட இருக்காது, அதை வைத்து ஒரேயடியாக அடைத்துவிடு. அப்புறம் கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடு. பாக்கி இல்லாத நிலையில் ஏழு வேலை நாளுக்குள் அவர்கள் மூடியாக வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உனக்குத் தர வேண்டும். 2022 ஜூலையிலிருந்து இருக்கும் விதி இது.

விசா, மாஸ்டர்கார்டு, ரூபே: எதைக் கேட்டு வாங்குவது?
கல்லூரி மாணவி, நாகர்கோவில்

கார்டைக் கொடுப்பது வங்கி, இந்த மூன்றும் பணம் போய்வரும் பாதைகள். 2012 மார்ச்சில் ரூபே வரும்வரை, நாகர்கோவில் கடையில் நாகர்கோவில்காரர் தேய்த்த கார்டுக்கும் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனத்தின் பாதைதான். சொந்தப் பாதை இருப்பது எவ்வளவு அவசியம் என்பதை நான் பலமாக நம்புகிறேன். பரிவர்த்தனைத் தகவல்களை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்று 2018-இல் போட்ட உத்தரவைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2021 ஜூலையில் மாஸ்டர்கார்டு புது வாடிக்கையாளர் சேர்க்க ரிசர்வ் வங்கி தடை போட்டது, அடுத்த ஆண்டு ஜூனில்தான் நீக்கியது. அப்படிச் சொல்லும் துணிவுக்கு நம்மிடம் மாற்று ஒன்று இருப்பதும் உதவும் இல்லையா?

உனக்கு வேண்டிய பதில் இது: உள்ளூரில் மட்டும் பயன்படுத்துவாய் என்றால் ரூபே. வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம், கட்டணம் என்று போகிறது என்றால் விசா அல்லது மாஸ்டர்கார்டு. கிரெடிட் கார்டில் பெரிய வங்கிகள் இப்போது நமக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளைக் காட்டித் தேர்ந்தெடுக்க விட வேண்டும், 2024 செப்டம்பர் 6 முதல் அது கட்டாயம். கேட்டு வாங்கு.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது (இப்படி எழுதிய எல்லாருக்கும்)

ஐந்து நாளில் தானாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு, நீங்கள் கேட்காவிட்டாலும். வங்கியில் எழுத்தில் புகார் செய்து 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போங்கள், 14448-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை என்றால் ஒரு மணி நேரம்கூட வீணாக்காமல் வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள். உங்கள் தவறு இல்லாமல் வெளியே நடந்த மோசடியாக இருந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் முழுப்பணமும் உங்களுக்கு வர வேண்டும். இலவச எண்ணிக்கையைத் தாண்டி எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம், 2025 மே முதல்.

எனக்கு 71 வயது. கார்டும் வேண்டாம், அதற்குப் பிடிக்கும் வருடக் கட்டணமும் வேண்டாம். வங்கியில் "கட்டாயம் வைத்திருக்க வேண்டும்" என்கிறார்கள்.
வாசகி, தேனி

கட்டாயம் கிடையாது அம்மா. டெபிட் கார்டை யார் மீதும் திணிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எழுதியே வைத்திருக்கிறது. வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி, கணக்கு எண்ணைப் போட்டு, கார்டை நறுக்கிக் கூடவே இணைத்துக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பேரனிடமோ பேத்தியிடமோ காட்டி, அது ஜன்தன் கணக்கா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்தன் என்றால் அந்தக் கார்டுக்கு வருடக் கட்டணம் வாங்கவே கூடாது, பிடித்ததைத் திருப்பிக் கேளுங்கள், கார்டையும் கொடுத்துவிடாதீர்கள்.